கர்ணம் எங்கே இருக்கிறது?

என்னிடம் படித்த ஒரு மாணவி காலாண்டுத் தேர்வில் எழுதிய விடை ஒன்று, இருபது வருடம் கழித்தும் அப்படியே நினைவில் இருக்கிறது. ஒரு செங்கோண முக்கோணத்தின் படம். ஒரு பக்கம் 13 செ.மீ., இன்னொரு பக்கம் 5 செ.மீ. மூன்றாவது பக்கம் என்ன என்பது கேள்வி. அவள் 169, 25 என்று வர்க்கங்களைப் பிசகில்லாமல் எழுதியிருந்தாள். இரண்டையும் கூட்டி 194 ஆக்கி, அதன் வர்க்கமூலத்தை நீள்வகுத்தல் முறையில் பொறுமையாக எடுத்து, 13.92 என்று முடித்துக் கீழே இரட்டைக் கோடு போட்டிருந்தாள். ஓர் இடத்தில்கூட அடித்தல் திருத்தல் இல்லை. சரியான விடை 12.

அன்று இரவு விடைத்தாள் கட்டு முழுவதையும் திருத்தி முடித்தபோது, பாதிக்கு மேற்பட்ட தாள்களில் அதே தவறு. கேள்வித்தாளில் முக்கோணம் புரண்டு படுத்திருந்தது. செங்கோணம் மேலே இருந்தது. 13 செ.மீ. பக்கம் தரை மாதிரி அடியில் கிடந்தது. நான் அதுவரை கரும்பலகையில் போட்ட முக்கோணங்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். எல்லாவற்றிலும் செங்கோணம் இடது கீழ் மூலையில்தான். கர்ணம் எப்போதும் சாய்ந்த கோடு. கேட்பதும் பெரும்பாலும் கர்ணத்தைத்தான். பிள்ளைகள் நான் வாயால் சொன்னதைவிட, கையால் வரைந்ததை நன்றாகக் கற்றிருந்தார்கள்: சாய்ந்திருப்பது கர்ணம், இரண்டு எண் கொடுத்தால் வர்க்கப்படுத்து, கூட்டு, மூலம் எடு.

தஞ்சாவூர்ப் பக்கத்துக் கிராமத்து அரசுப் பள்ளி ஒன்றில் கணிதப் பட்டதாரி ஆசிரியராக நான் வேலை பார்த்த வருடங்களை அந்த ஓர் இரவு இரண்டாகப் பிரித்துவிட்டது. அதற்கு முன்பு நான் சூத்திரம் சொல்லிக்கொடுத்தேன். அதற்குப் பிறகு, முக்கோணத்தைப் பார்க்கச் சொல்லிக்கொடுக்க முயன்றேன். இரண்டாவது வேலை கடினமானது. அதில் நான் கற்றுக்கொண்டதை இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் எனக்குப் பாடம் எடுத்தவர் ஒரு கொத்தனார். நாங்கள் வீடு கட்டத் தொடங்கிய வருடம் அது. வாணம் தோண்டுவதற்கு முன்னால் மனையில் நூல் கட்டிக்கொண்டிருந்தார். அவருடைய மகன் என் வகுப்பில்தான் படித்தான். மூலையில் ஒரு முளைக்குச்சி, அதிலிருந்து இரண்டு பக்கமும் நூல். ஒரு நூலில் ஆறு அடியில் கரித்துண்டால் ஒரு குறி வைத்தார். மற்ற நூலில் எட்டு அடியில் ஒரு குறி. பிறகு டேப்பின் நுனியை மகனிடம் கொடுத்து, இரண்டு குறிக்கும் இடையே பிடிக்கச் சொன்னார்.

"பத்து வரணும் டீச்சர். பத்துக்கு மேல போனா மூலை விரிஞ்சிருக்கு. கொறஞ்சா மூலை குறுகியிருக்கு. நூலக் கொஞ்சம் நகத்திப் பத்துக்குக் கொண்டாந்துட்டா மூலை மட்டம் வந்துரும்."

மூன்று, நான்கு, ஐந்து போட்டால் போதாதா என்று கேட்டேன். "அதுவும் போடலாம். ஆனா சின்னதாப் போட்டா தப்பு ஒளிஞ்சிக்கும். பெருசாப் போட்டாத்தான் வெளிய தெரியும்" என்றார்.

பிதாகரஸ் தேற்றம் என்ற பெயர் அவருக்குத் தெரியாது. அவர் செய்ததோ அந்தத் தேற்றத்தின் மறுதலை. மூன்று பக்கங்களும் அந்தக் கணக்குக்குள் அடங்கினால் எதிரே இருப்பது செங்கோணம், அடங்காவிட்டால் இல்லை. கோணம் விரியும்போது எதிர்ப்பக்கம் நீளும், குறுகும்போது எதிர்ப்பக்கமும் குறையும் என்பதை அவர் நூலை நகர்த்தி நகர்த்திக் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பல வருடம் சொல்லிக்கொடுத்ததில் அந்த அசைவே இல்லை. கரும்பலகையில் போட்ட முக்கோணம் அசையாது.

மறுநாள் வகுப்பை மைதானத்துக்குக் கூட்டிப் போனேன். கொத்தனார் மகன் வடிவியல் வகுப்பில் வாய் திறக்காத பையன். அவனைத்தான் முன்னால் நிறுத்தினேன். முளைக்குச்சி அடித்து, நூல் கட்டி, குறி வைத்து அவனே எல்லாருக்கும் காட்டினான். டேப்பைப் பிடித்த பிள்ளைகளைப் பார்த்து அவன் சொன்ன ஒரு வார்த்தை எந்தப் பாடநூலிலும் இல்லை: "இழுத்துப் புடிங்கடா. தொங்கினா அளவு கூடக் காட்டும்." மூலையை வேண்டுமென்றே விரித்தோம், குறுக்கினோம், ஒவ்வொரு முறையும் எதிரே டேப் என்ன காட்டுகிறது என்று உரக்கப் படிக்கச் சொன்னேன். அன்று சூத்திரம் எழுதவில்லை. ஆனால் கர்ணம் என்பது செங்கோணத்துக்கு எதிரே இருக்கும் பக்கம் என்று யாரும் சொல்லாமலே எல்லாருக்கும் தெரிந்திருந்தது. டேப்பைப் பிடித்தவர்கள் மூலையைப் பார்த்துக்கொண்டேதான் பிடித்தார்கள்.

அதன் பிறகு வகுப்பறையில் ஒரு வழக்கம் கொண்டுவந்தேன். பேனாவைத் தொடுவதற்கு முன் மூன்று கேள்வி. செங்கோணம் எங்கே? அதற்கு எதிரே இருப்பது எது? கேட்பது அந்தப் பக்கமா, வேறு பக்கமா? முதல் இரண்டுக்கும் படத்தில் விரல் வைத்துக் காட்ட வேண்டும். மூன்றாவதற்கு வாயால் பதில் சொல்ல வேண்டும். எதிரே இருப்பதைக் கேட்டால் கூட்டல். மற்றவற்றில் ஒன்றைக் கேட்டால் கழித்தல். முக்கோணத்தை நான் தலைகீழாகவும் பக்கவாட்டிலும் வரைந்தேன். சில நாள் அட்டையில் வெட்டிய முக்கோணத்தைக் கையில் பிடித்துச் சுற்றிக்கொண்டே, "இப்போ கர்ணம் எது? இப்போ?" என்று கேட்பேன். எவ்வளவு சுற்றினாலும் அதே பக்கம்தான் என்று பிள்ளைகள் சலித்துப்போய்ச் சொல்லும்வரை சுற்றுவேன். அந்தச் சலிப்புதான் எனக்கு வேண்டியது.

கழித்தல் வரும்போது ஏணிக் கணக்கு உதவும். 13 அடி ஏணி, அதன் கீழ்முனை சுவரிலிருந்து 5 அடி தள்ளி நிற்கிறது. சுவரில் எவ்வளவு உயரத்தில் சாய்கிறது? கூட்டிவிட்ட பிள்ளையிடம் தவறு என்று சொல்ல மாட்டேன். "13 அடி ஏணி 13.92 அடி உயரத்தைத் தொடுமா?" என்று மட்டும் கேட்பேன். அந்தக் கேள்வியை ஒருமுறை எதிர்கொண்ட பிள்ளை, அடுத்த கணக்கில் விடை வந்ததும் தானாகவே படத்தைத் திரும்பிப் பார்க்கும். கர்ணம் மற்ற இரண்டில் எதைவிடவும் நீளம். இரண்டையும் கூட்டினால் வருவதைவிடக் குட்டை. இந்த இரண்டு வேலிக்குள் விடை நிற்கிறதா என்று பார்க்க அரை நிமிடம்கூட ஆகாது. இதே வேலிதான் இன்னொரு பழைய தவறையும் பிடித்துக்கொடுக்கும். 9-ஐயும் 16-ஐயும் கூட்டி மூலம் எடுக்கச் சொன்னால், தனித்தனியே மூலம் எடுத்து 3 + 4 = 7 என்று எழுதுகிற பிள்ளைகள் ஒவ்வொரு வருடமும் உண்டு. விதியைத் திருப்பித் திருப்பிச் சொல்வதைவிட மைதானத்தைக் காட்டுவது எளிது. இந்த மூலையிலிருந்து ஓரமாகவே நடந்து எதிர் மூலைக்குப் போவதும், குறுக்கே நடந்து போவதும் ஒரே தூரமா?

கழித்தலில் ஒரு குறுக்கு வழியும் உண்டு. 13-இன் வர்க்கத்திலிருந்து 5-இன் வர்க்கத்தைக் கழிக்க, (13 − 5) × (13 + 5), அதாவது 8 × 18 = 144. இயற்கணித வகுப்பில் உயிரில்லாமல் கிடந்த முற்றொருமை இங்கே வேலைக்கு வந்து நிற்கும்போது பிள்ளைகளின் முகம் மலர்வதைப் பார்த்திருக்கிறேன். கணிதப் பொதுத்தேர்வில் கால்குலேட்டர் கிடையாது என்பதால், இப்படிப்பட்ட கைவசதிகளுக்கு மதிப்பு அதிகம்.

பிதாகரஸ் பெயரில் வழங்கும் இந்தத் தேற்றம் யாருடையது என்ற கேள்வி வகுப்பில் எழாமல் இருக்காது. பிதாகரஸுக்கு ஆயிரம் வருடத்துக்கும் முன்பே பாபிலோனில் எழுதப்பட்ட களிமண் பலகை ஒன்றில் செங்கோண முக்கோணத்துக்குப் பொருந்தும் எண்கள் வரிசையாகப் பொறிக்கப்பட்டிருப்பதைச் சொல்வேன். இங்கே சுல்ப சூத்திரங்கள் வேள்விமேடை அமைக்கக் கயிற்றால் அளக்கும்போது இதே உறவைச் சொல்வதையும் சொல்வேன். பல ஊர்களில் பல கைகள் கண்டடைந்த ஒன்று அது.

சில வருடங்களுக்கு முன் ஒரு மாணவன் தன் அப்பாவின் போனில் வந்த செய்தி ஒன்றை எழுதிக்கொண்டு வந்தான். பழந்தமிழ்ப் பாட்டு என்ற குறிப்போடு வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தி. வர்க்கமூலமே இல்லாமல் கர்ணம் காணும் வழியாம். நீளமான பக்கத்தை எட்டுக் கூறாக்கி ஒரு கூற்றைத் தள்ளு, மீதியோடு குட்டையான பக்கத்தில் பாதியைச் சேர், வருவது கர்ணம். "இது இருக்கும்போது நமக்கு எதுக்கு டீச்சர் வர்க்கமூலம்?" என்று கேட்டான். நியாயமான கேள்வி. நான் பதில் சொல்லாமல் வகுப்பைக் குழுக்களாகப் பிரித்துச் சோதிக்கச் சொன்னேன்.

3, 4 என்றால் 3.5 + 1.5 = 5. சரி. 5, 12 என்றால் 10.5 + 2.5 = 13. சரி. வகுப்பில் ஒரே ஆரவாரம். அடுத்த குழு 8, 15 எடுத்தது. வந்தது 17.125, உண்மை 17. இன்னொரு குழு 7, 24 எடுத்தது. வந்தது 24.5, உண்மை 25. பக்கங்கள் இரண்டும் 10 என்றால் 13.75 வருகிறது, உண்மை 14.14-ஐ ஒட்டியது. ஆரவாரம் அடங்கிவிட்டது. அப்போது கடைசி பெஞ்சில் ஒரு பெண் எழுந்தாள். அவளாகவே 1, 20 என்று எடுத்துப் பார்த்திருக்கிறாள். "டீச்சர், 18 வருது. கர்ணம் பக்கத்தைவிடச் சின்னதாயிட்டுது!"

அந்த வருடத்தில் எனக்குக் கிடைத்த பெரிய மகிழ்ச்சி அது. சரியான விடை என்ன என்று அவள் கணக்கிடவே இல்லை. வேலிக்கு வெளியே விடை நிற்பதைப் பார்த்தவுடனேயே விதி அங்கே உடைந்துவிட்டது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. பின்னர் பத்தாம் வகுப்பில் இருபடிச் சமன்பாடு வந்தபோது இதையே எடுத்துப் போட்டேன். இந்த விதி மிகச் சரியாகப் பொருந்துவது குட்டைப் பக்கமும் நீளப் பக்கமும் 3:4, 5:12 என்ற இரண்டு விகிதங்களில் இருக்கும்போது மட்டும்தான். மூன்றாவது விகிதம் கிடையாது. இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட முக்கோணங்களில் விடை ஏறக்குறைய ஒட்டிவரும். கையில் எழுதுகோல் இல்லாமல் மனத்தால் மதிப்பிட இது நல்ல வழி. அந்த அளவில் அதை மதிக்க வேண்டும். ஏறக்குறையச் சரியாக வருவதும் எப்போதும் சரியாக வருவதும் வேறு வேறு என்பதை நான் தனியாகப் பாடம் எடுத்திருந்தால் இவ்வளவு பதிந்திருக்காது.

ஒன்பதாம் வகுப்பில் முக்கோணவியல் தொடங்கும்போது சிக்கல் புது வடிவத்தில் வரும். இப்போது தெரிந்தது ஒரு பக்கமும் ஒரு கோணமும்தான். சைன் என்றால் எதிர்ப்பக்கம் கீழ் கர்ணம், காஸ் என்றால் அடுத்துள்ள பக்கம் கீழ் கர்ணம், டேன் என்றால் எதிர்ப்பக்கம் கீழ் அடுத்துள்ள பக்கம். பிள்ளைகள் ஒரே நாளில் ஒப்பித்துவிடுவார்கள். ஆனால் எதிர்ப்பக்கம் எது என்று படத்தில் கேட்டால் நிமிர்ந்து நிற்கும் கோட்டைக் காட்டுவார்கள். சாய்ந்ததெல்லாம் கர்ணம் என்ற பழைய நோய், நிமிர்ந்ததெல்லாம் எதிர்ப்பக்கம் என்று இடம் மாறியிருக்கும்.

இதற்கு நான் கண்ட மருந்து ஒரு கயிறு. மூன்று பிள்ளைகள் கயிற்றைப் பிடித்துச் செங்கோண முக்கோணமாக நிற்பார்கள். செங்கோண மூலையில் நிற்பவர் பேசக்கூடாது. மற்ற இருவரில் ஒருவரைக் கேட்பேன்: "நீ நிக்கிற இடத்துலேருந்து பாரு. உன் கையில படாத கயிறு எது?" அவர் கை நீட்டிக் காட்டுவது எதிர்ப்பக்கம். அவர் பிடித்திருக்கும் இரண்டில் செங்கோணத்தைத் தொடாதது கர்ணம், தொடுவது அடுத்துள்ள பக்கம். பிறகு மற்ற மூலையில் நிற்பவரிடம் அதே கேள்வி. முன்னவருக்கு எதிரே இருந்த கயிறு இவர் கையில் இருக்கும். பெயர்கள் இடம் மாறிவிடும். கர்ணம் மட்டும் மாறாது. "எதிர்ப்பக்கம் எது?" என்று யாராவது கேட்டால், "யாருக்கு எதிரே?" என்று வகுப்பு திருப்பிக் கேட்கத் தொடங்கும் நாளில் முக்கோணவியலில் பாதி முடிந்துவிட்டதாக நான் நினைத்துக்கொள்வேன்.

அதன் பிறகு கொடிக்கம்பம். பாகைமானியின் நேர் விளிம்பில் ஒரு ஸ்ட்ராவை ஒட்டி, நடுப்புள்ளியிலிருந்து நூலில் ஓர் இரும்பு நட்டைத் தொங்கவிட்டால் ஏற்றக்கோணம் அளக்கும் கருவி தயார். ஸ்ட்ரா வழியாக உச்சியைப் பார்க்கும்போது, நூல் 90-இலிருந்து எத்தனை பாகை விலகுகிறதோ அதுதான் கோணம். ஒரு வருடம் கம்பத்திலிருந்து 8 மீட்டர் தள்ளி நின்ற குழுவுக்கு 32 பாகை கிடைத்தது. டேன் 32-க்கு அட்டவணையில் 0.6249. எட்டால் பெருக்க, 5 மீட்டர் என்று பெருமையோடு வந்தார்கள். "பாத்தவ தரையில படுத்தா பாத்தா?" என்று கேட்டேன். கண் உயரம் 1.4 மீட்டரைச் சேர்த்து 6.4 ஆக்கினார்கள். பிறகு டேப்பின் நுனியைக் கொடிக்கயிற்றில் கட்டி உச்சிவரை ஏற்றினோம். 6.3 மீட்டர். பத்து செ.மீ. வித்தியாசம் எங்கிருந்து வந்தது? நூல் காற்றில் ஆடியது என்றார்கள். கோணம் ஒரு பாகை தவறியிருந்தால் உயரம் எவ்வளவு மாறும் என்று கணக்கிடச் சொன்னேன். ஏறக்குறைய 20 செ.மீ. தங்கள் விடை எவ்வளவு நம்பத்தக்கது என்பதையும் கணக்கிட முடியும் என்று அந்தப் பிள்ளைகள் அன்றுதான் அறிந்தார்கள்.

பத்தாம் வகுப்பில் இரண்டு முக்கோணம் சேர்ந்து வரும் கணக்குகளுக்குக் கன்னியாகுமரி வள்ளுவரைத் துணைக்கு அழைப்பேன். பீடம் 38 அடி, சிலை 95 அடி, மொத்தம் 133. பீடத்தின் அடியிலிருந்து அதே மட்டத்தில் 133 அடி தள்ளி நின்றால் சிலையின் உச்சி 45 பாகையில் தெரியும். பீடத்தின் உச்சி சுமார் 16 பாகையில் தெரியும். சிலை மட்டும் எவ்வளவு உயரம்? கோணங்களைக் கழித்து 29 பாகை என்று எடுத்துப் பெருக்குபவர்களுக்கு 74 அடியை ஒட்டி வரும். 95 அடி என்று ஊருக்கே தெரிந்த சிலை 21 அடி குட்டையாகிவிடும். கழிக்க வேண்டியது உயரங்களை. அந்த 29 பாகைக்கு அங்கே செங்கோண முக்கோணமே கிடையாது. "செங்கோணம் எங்கே?" என்ற எட்டாம் வகுப்புக் கேள்வியே இங்கேயும் வந்து காப்பாற்றுகிறது.

தஞ்சாவூர்ப் பிள்ளைகளுக்கு ஒரு கதையும் சொல்வேன். 1802-இல் சென்னையில் பரங்கிமலைக்கு அருகே வில்லியம் லாம்டன் சுமார் ஏழரை மைல் நீளமுள்ள ஒரு கோட்டைத் தரையில் சங்கிலியால் அளந்தார். இந்தியாவையே அளந்த பெரும் முக்கோணவியல் அளவைப் பணி அங்கேதான் தொடங்கியது. ஒரு கோட்டை அளந்த பிறகு, அடுத்தடுத்த முக்கோணங்களின் பக்கங்கள் கோணங்களிலிருந்தே கணக்கிடப்பட்டன. அவை செங்கோண முக்கோணங்கள் அல்ல. ஆனாலும் தெரிந்த ஒரு பக்கத்திலிருந்தும் கோணங்களிலிருந்தும் தெரியாத பக்கத்தை அடைவது என்ற அடிப்படை ஒன்றுதான். 1808-இல் நம் பெரிய கோயில் விமானத்தின் மேல் அரை டன் எடையுள்ள கோணமானியை ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதிச் சிதைந்தது. லாம்டன் வாரக்கணக்கில் உட்கார்ந்து அதைத் தன் கையாலேயே சரிசெய்தார். தினமும் பேருந்தில் கடந்துபோகும் கோபுரம் தங்கள் பாடத்துக்குள் வந்து நிற்பதைக் கேட்டு, அடுத்த விடுமுறையில் அங்கே போய் அண்ணாந்து பார்த்துவிட்டு வந்த பிள்ளைகள் உண்டு.

இதற்கெல்லாம் நேரம் எங்கே என்று சக ஆசிரியர்கள் கேட்பார்கள். அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. தேர்ச்சி விழுக்காடு என் தலைமேலும் தொங்கியது. மெல்லக் கற்பவர்களுக்கென்று சூத்திரமும் மாதிரிக் கணக்குகளும் மட்டும் கொண்ட சுருக்கக் கையேடுகளை நானும் தயாரித்துக் கொடுத்திருக்கிறேன். அவை சில மதிப்பெண்களைப் பெற்றுத் தந்தன. ஆனால் படம் கொஞ்சம் புரண்டதும் கைவிட்டுவிட்டன. மைதானத்தில் செலவான இரண்டு பாடவேளையை நான் திருப்புதல் வகுப்புகளில் திரும்பப் பெற்றுவிட்டேன். பார்க்கத் தெரிந்த பிள்ளைக்குத் திருப்புதல் கொஞ்சம் போதும்.

நாளை இந்தப் பாடத்தைத் தொடங்கவிருக்கும் இளம் ஆசிரியர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். முதல் வகுப்பில் சூத்திரம் எழுதாதீர்கள். ஒரு நூலும் டேப்பும் எடுத்துக்கொண்டு வெளியே போங்கள். உங்கள் வகுப்பில் கொத்தனார் வீட்டுப் பிள்ளையோ தச்சர் வீட்டுப் பிள்ளையோ இருந்தால் அவர் கையில் டேப்பைக் கொடுங்கள். திரும்பி வந்ததும் கரும்பலகையில் முக்கோணத்தைக் கோணல்மாணலாக வரைந்து, செங்கோணத்தின் மேல் ஒரு விரலும் கர்ணத்தின் மேல் ஒரு விரலும் வைக்கச் சொல்லுங்கள். கடைசிப் பிள்ளையும் சரியாக வைத்த பிறகு சூத்திரத்தை எழுதுங்கள்.